புள்ளிக்குப் பின்னால்

ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் செவ்வாயில்,
உப்போடைப்பட்டிக்குக் கணக்கெடுக்கப் போவேன்.
நூற்றுப்பதினாறு இணைப்பு.
அதில் அறுபதுக்கு மேல் பூட்டு.

ஊருணிக் கரையில் வண்டியை நிறுத்துவேன்.
கால் கழுவக் கூடாது என்று
படியில் வெட்டிய எழுத்தின் மேல்
தவளை ஒன்று உட்கார்ந்திருக்கும்.
வெட்டிய ஆண்டு இன்னும் கீழே, தண்ணீருக்குள்.
வற்றினால் தெரியும் என்கிறார்கள்.
நல்ல ஊருணி. எனக்குத் தெரிந்து வற்றவில்லை.

மின்சாரம் இந்த ஊருக்கு
ஒரு கல்யாணத்துக்கு வந்தது.
ரங்கூனில் வாங்கிய டைனமோ
தொண்டியில் இறங்கி, மாட்டுவண்டி ஏறி,
மூன்று ராத்திரி ஓடி
நாலாம் நாள் நின்றுவிட்டதாம்.
அரசாங்கக் கம்பி வர இன்னும் இருபத்தாறு வருஷம்.
பந்தலில் பல்பைப் பார்த்துவிட்டு
வீட்டுக்குப் போய்ச் சிம்னி ஏற்றியவர்களுக்கு
அந்த இருபத்தாறும்
கொஞ்சம் கூடுதல் இருட்டாக இருந்திருக்கும்.

டைனமோ நின்ற கொட்டகை இப்போது ரேஷன் கடை.
ஊர் பேரை மாற்றவில்லை:
"டைனமோவுல பருப்பு போடுறாகளா?"

அடுத்தது எழுபத்திரண்டு புள்ளி வீடு.
தலைவாசல் ஒரு வீதியில் திறக்கும்,
பின்வாசல் மறு வீதியில்.
இந்தப் பக்கம் மணமான ஆணுக்கு ஒரு புள்ளி,
துணை போய்விட்டால் அரை.
எழுபத்திரண்டு பங்கு. அறைக்கொரு சாவி.
சாவிகள் கோலாலம்பூரில், கோவையில், ஹூஸ்டனில்.
மீட்டர் ஒன்றுதான்.
பழைய சக்கர மீட்டர்.
கடைசி இலக்கம் சிவப்பு,
அதற்கு முன்னால் ஒரு புள்ளி.
மாசிப் படைப்புக்குக் கூடினால் நாற்பது, ஐம்பது ஓடும்.
மற்றபடி பூஜ்யம்.

ஐப்பசியில் பார்த்தபோது
சிவப்பு மட்டும் மூன்றிலிருந்து ஏழுக்கு வந்திருந்தது.
வாசல் பெருக்க வரும் பூமயில்
துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு,
"போனுக்குச் சார்ஜ் போட்டேன் சார். எழுதிருவீகளா?"
"புள்ளிக்குப் பின்னாடி எழுதுறதில்லம்மா."
"அப்ப ஒம்பது வரைக்கும் போகலாமா?"

விதிப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை.

தெற்கே போகிற கம்பி
பதினேழாம் கம்பத்தில் சும்மா மடங்கும்.
சும்மா இல்லை. கருவமுள்ளை விலக்கினால் தெரியும்:
ரெண்டு கல் நட்டு, மேலே ஒன்று கிடத்திய சுமைதாங்கி.
வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்கு வைத்தது.
வரைபடத்தில் கோடு நேராகத்தான் வந்ததாம்.
கம்பம் நட வந்த ராயவரத்துச் சந்தியாகு
கடப்பாரையைக் கீழே போட்டார்.
"எந்தங்கச்சியும் இப்படித்தான்" என்றார்.
அவ்வளவுதான் பேச்சு.
மூன்று கம்பம் கூடுதலாகச் செலவு.
அலுவலகக் கோப்பில் காரணம்: பாறை.

கல் வைத்தவர் பேர் பளிச்சென்று இருக்கிறது,
அவருடைய அப்பா பேரும்.
அவள் பேரில் 'யி' மட்டும் மிச்சம்.
கருப்பாயியோ,
வெள்ளாயியோ.

நடுப்பகலில் பை, கருவி, குடை எல்லாவற்றையும்
அவள் மேல் வைத்துவிட்டுத்
தண்ணீர் குடிப்பேன். கல் கொதிக்கும்.
மேலே கம்பி சன்னமாக இரையும்.
இவ்வளவு எடையை ஒரு மனுஷன் தினமும் தூக்குகிறானா என்று
அவள் நினைக்க மாட்டாள். நினைக்கிறவள் என்றால்
தலையில் நெல்மூட்டையோடு வந்தவர்களை நினைப்பாள்.

மார்கழியில் எழுபத்திரண்டு புள்ளி வீட்டில்
சிவப்பு ஒன்பதைத் தாண்டிச் சுற்றி
மறுபடி ரெண்டில் நின்றது.
புள்ளிக்கு முன்னால் ஒன்று ஏறியிருந்தது.
பூமயில் எதுவும் கேட்கவில்லை. தூணைத் துடைத்தாள்.

எப்படியும் பில் பூஜ்யம்தான், நூறு வரை இலவசம்.
பூட்டு என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.
ஒன்று என்று அடித்தேன்.
பங்குக்காரர் யாருக்கோ குறுஞ்செய்தி போகும்.
கோலாலம்பூரில் கைபேசியைத் தூரமாகப் பிடித்து,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
வீட்டில் ஆள் இருக்கிறது என்று
அவர் படிக்கட்டும்.